நாலு பேர் விழுற கேமரா

மூணு பேரா நின்னு போட்டோ எடுத்துக்கக் கூடாது. எங்க திருத்தணியில இத யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கிறதில்ல, எல்லாருக்கும் தானா தெரிஞ்சிருக்கும். எடுத்தா மூணுல ஒண்ணு போயிடுமாம். நான் கணக்கு டீச்சர். ஆர்.கே.பேட்டை பக்கத்துல ஒரு ஸ்கூல். நான் வராண்டாவுல நடந்து வந்தாலே பசங்க நோட்டத் திறந்து வச்சுக்கும், அவ்ளோ கோபக்காரி. இந்த மாதிரிப் பேச்சக் கேட்டா எனக்கு எரிச்சலா வரும். ஆனா மூணு பேரா நின்னு ஒரு போட்டோ எடுத்துக்க எனக்கும் தைரியம் வந்ததில்ல.

எங்க வீட்ல நாலு பேரு. அம்மா, நைனா, அண்ணன், நான். நாலு பேருன்னா பிரச்சினை இல்லன்னு நெனப்பீங்க. அங்கதான் பிரச்சினையே. நைனாவுக்கு அரக்கோணத்துல ரயில்வே வேலை. தொண்ணூறுகள்ல அவரு ஒரு ஃபிலிம் கேமரா வாங்கினாரு. அத வேற யார் கையிலயும் குடுக்க மாட்டாரு, குடுத்தா ரோலு வீணாப் போயிடுமாம். அவரு எடுத்தா பாக்கி நிக்கிறது மூணு பேரு. அம்மா உடனே "மூணு பேரு, மூணு பேரு"ன்னு கையாட்டும். நைனா சுத்துமுத்தும் பார்த்து, கிடைச்ச ஆள இட்டுகினு வந்து எங்க பக்கத்துல நிறுத்துவாரு.

எங்க ஆல்பத்தப் பார்த்தா சிரிப்பீங்க. ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில எடுத்ததுல, எங்க கூட யாரோ ஒரு மொட்டை, தலை பூரா சந்தனத்தோட சொந்தக்காரர் மாதிரி சிரிச்சிகினு நிக்கிறாரு. குளத்தங்கரையில எடுத்ததுல வேர்க்கடலை விக்கிறவரு, கூடையோட. கே.ஜி.கண்டிகையில பஸ் நின்னப்போ எடுத்ததுல கண்டக்டரு, விசில வாயிலருந்து எடுக்கக் கூட இல்ல. நைனா மட்டும் ஒண்ணுலயும் கிடையாது. நாங்க நாலு பேரு மட்டும் சேர்ந்து விழுந்த போட்டோ ஒண்ணே ஒண்ணு கூட இல்ல. அப்போ அது ஒரு குறையாவே எங்களுக்குத் தெரியல.

ரெண்டாயிரத்துல அண்ணன் நகரியில ஒரு பொண்ணக் கட்டிகினான். வேற ஜாதி. யார்கிட்டயும் சொல்லாம கட்டிகினு, மாலையோட வாசல்ல வந்து நின்னான். நைனா கதவச் சாத்தினாரு. இந்தப் படிய அவன் மிதிச்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்னு சாத்தின கதவுக்குப் பின்னாடி நின்னு சொன்னாரு. அவன் நகரியிலயே ரெண்டு பவர்லூம் போட்டுகினு தங்கிட்டான். நகரி என்ன அமெரிக்காவா? பஸ் ஏறினா அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்த ஏழு வருஷமா அவனும் தாண்டல, நாங்களும் தாண்டல.

எனக்கு அப்போ ஒரு வரன் முடிஞ்சு, தாம்பூலம் மாத்தியாச்சு. இவன் பண்ண வேலையக் கேள்விப்பட்டு அவங்க வேணாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் கூடி வரல. நைனாவுக்காவது ஜாதி, வீம்பு, ஊர் வாய்னு பல காரணம். எனக்கு ஒண்ணுதான். என் வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டான்னு அவன் மேல கோபம், கலப்படமே இல்லாத கோபம். அத நான் யார்கிட்டயும் மறைச்சதும் இல்ல.

அம்மாவுக்கு வயித்துல கட்டின்னு தெரிஞ்சப்போ அது முத்திப் போயிருந்துச்சு. வேலூர்ல பார்த்துட்டு, வீட்டுக்கு இட்டுகினு போயி ஆசப்பட்டத செஞ்சு குடுங்கன்னு அனுப்பிட்டாங்க. நடு ரூம்ல கட்டிலப் போட்டோம். அம்மா முன்னாடி நல்ல கட்டான உடம்பு. நாலு மாசத்துல கன்னம் ரெண்டும் உள்ள போயி, பல்லு முன்னாடி வந்து, கையத் தூக்கினா வளையல் முழங்கை வரைக்கும் ஓடுச்சு. தலை சீவி விடும்போது நான் மூஞ்சியப் பார்க்காம பின்னாடி நின்னே சீவுவேன்.

என்னம்மா வேணும்னு ஒரு நாள் கேட்டேன். இளநி கேக்கும், இல்ல நார்த்தங்கா ஊறுகா கேக்கும்னு நெனச்சேன். "நாம நாலு பேரு மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கணும். வேத்தாளு யாரும் வேணாம்"னு சொல்லிச்சு.

இதுல ரெண்டு கணக்கு இருந்துச்சு. ஒண்ணு, நாலு பேரும் விழுற மாதிரி கேமரா. இன்னொண்ணு, அண்ணன். எனக்குச் சுலபமான கணக்க நான் எடுத்துகினேன்.

கேமரா கணக்கும் லேசில்ல. டிஜிட்டல் கேமராவுல டைமர் இருக்கு, வச்சுட்டு ஓடிப் போயி நின்னுக்கலாம், எடுக்கிற ஆளும் விழலாம். அதெல்லாம் சரி. ஆனா எங்க நடு ரூமு குறுகல். பீரோவுல முதுகு ஒட்டி நின்னாலும் எதிர்ச் சுவத்துக் கட்டிலுக்கு ஏழடிதான். அம்மாவ வெளிய தூக்கிகினு போக முடியாது, அசைச்சாலே வலி. கட்டில்ல அம்மா நடுவுல, அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான், கட்டில் காலாண்ட நாற்காலி போட்டு நைனா. எல்லாம் சேர்த்து டேப்பு வச்சு அளந்தேன், எட்டரை அடி. ஸ்கூல்ல கூட வேலை செய்யிற டீச்சர் ஒருத்தங்க கேமராவ வாங்கிப் பார்த்தேன். அம்மா விழுந்தா நைனா விழல. நைனா விழுந்தா கட்டில்ல பாதி காணோம்.

அப்புறம்தான் லென்ஸுக்கு நம்பர் இருக்குன்னு தெரிஞ்சுது. முப்பத்தஞ்சுன்னு போட்டிருந்தா ஏழடி தள்ளி நின்னு ஏழடி அகலம்தான் விழும். இருபத்தெட்டுன்னா ஒன்பதடி விழும். கிராஃப் பேப்பர்ல கோணம் போட்டுப் பார்த்தேன், சரியா வந்துச்சு. இருபத்தெட்டு நம்பர்ல சின்ன கேமரா அப்போ அபூர்வம். கடைக்குக் கடை ஏறி இறங்கினேன். எவனப் பார்த்தாலும் ஜூம் எவ்ளோ தெரியுமா, மெகாபிக்சல் எவ்ளோ தெரியுமான்னே ஆரம்பிப்பான். மலை உச்சியில நிக்கிற ஆளக் கிட்ட இழுத்துக் காட்டுறான். ஏம்பா, எனக்கு யாரையும் கிட்ட இழுக்க வேணாம், தள்ளிப் போகணும், அதுக்கு வழி சொல்லுன்னா முழிக்கிறான்.

இந்த மாதிரி அகலமா விழுற லென்ஸுக்கு வைட்னு பேரு. சென்னையில ஒரு கடைக்குப் போன் பண்ணி, வைட் இருக்கான்னு கேட்டேன். இருக்குங்க மேடம், ஒரே ஒரு பீஸு இருக்குன்னான். லீவு போட்டு ரயிலேறிப் போனா, பால் மாதிரி வெள்ளையா ஒரு கேமராவ எடுத்து நீட்டறான். ஒயிட்டுதானே மேடம் கேட்டீங்கன்றான். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திட்டு வந்தேன். சாயந்திரம் அம்மாகிட்ட சொன்னா, அம்மா வயித்தப் பிடிச்சிகினு சிரிச்சுது. வலிக்குதுடின்னு சொல்லிகினே சிரிச்சுது. அது சிரிச்சு நான் பார்த்தது அதான் கடைசி.

கடைசியா வழி காட்டினது மலையடிவாரத்துல ஸ்டுடியோ வச்சிருக்கிறவருதான். மொட்டை போட்டுகினு வர்ற குடும்பங்கள எடுத்து எடுத்தே பழுத்த மனுஷன். எந்தக் கேமரான்னு பேப்பர்ல எழுதிக் குடுத்து, தெரிஞ்சவங்க மூலமா வரவழைச்சுத் தரேன்னாரு. ஒரு எச்சரிக்கையும் சொன்னாரு. இந்த லென்ஸுல ஓரத்துல ஆள வைக்காதீங்க டீச்சர், ஓரத்துல இருக்கிறவங்க மூஞ்சிய அகலமா இழுத்துடும், குச்சியா இருக்கிறவங்க கூட பூசினாப்ல விழுவாங்க. முக்கியமான ஆள நடுவுல வையுங்க. கோணத்தப் பத்தி எனக்கேவான்னு மனசுக்குள்ள நெனச்சுகினு தலையாட்டினேன்.

ஆனாலும் நான் உடனே சரின்னு சொல்லல. இன்னும் ரெண்டு மாடலப் பார்த்துட்டுச் சொல்றேன்னேன். நோட்டுல கட்டம் போட்டு ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டுகினே இருந்தேன். பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும், வெளிச்சம் கம்மியா இருந்தா எப்படி விழும், கனம் எவ்ளோ. மொத்தம் ஆறு வாரம் இழுத்தேன். ஸ்கூல்லருந்து வந்து செருப்பக் கழட்டும்போதே அம்மா கேக்கும், கேமரா வந்துச்சாடி? அப்புறம் குரலத் தாழ்த்தி, அவனுக்குச் சொல்லிட்டியா? கேமரா வரட்டும்மா, வந்தப்புறம் கூப்பிடலாம்னு சொல்வேன். நல்ல கேமராவாப் பார்த்து வாங்கணும்னுதான் இழுத்தேன்னு ரொம்ப நாள் நானே நம்பிகினு இருந்தேன். பொய். கேமரா வந்துட்டா அடுத்த கணக்கப் போட்டாகணும், அதான்.

வந்துச்சு. உள்ளங்கையில அடங்குற சாமான். அம்மா கையில வச்சேன். அந்தக் கைக்கு அதுவே கனமா இருந்துச்சு.

"இதுல நாம நாலு பேரும் விழுவோமா?"

விழுவோம்மா, ஒன்பதடி விழும்னேன். அப்போ அவன வரச் சொல்லு, நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்னு சொல்லிச்சு.

மறுநாள் ஸ்கூல்லருந்து, தெரிஞ்சவங்ககிட்ட வாங்கின அண்ணன் நம்பருக்கு அடிச்சேன். ஒரு பொம்பளக் குரல் எடுத்து, "எவரண்டீ?"ன்னு தெலுங்குல யாருன்னு கேட்டுச்சு. பின்னாடி ஒரு கொழந்தை அழுதுகினு இருந்துச்சு. அவனுக்குக் கொழந்தை இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. எனக்கு என்ன தோணுச்சுன்னு மறைக்காம சொல்றேன். எனக்கு இல்லாதது எல்லாம் இவனுக்கு இருக்குன்னு தோணுச்சு. கட் பண்ணிட்டேன்.

அன்னிக்குச் சாயந்திரம் அம்மா கேட்டுச்சு. "சொல்லிட்டியா?"

"ஆங்"னேன்.

எப்ப வரானாம்னு கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமைன்னு என் வாயிலருந்து தானா வந்துச்சு. நடுவுல ரெண்டு நாள் இருக்கு, நாளைக்குக் கூப்பிட்டுக்கலாம்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை கூப்பிடல. சனிக்கிழமையும் கூப்பிடல. போன கையில எடுத்துப் பார்த்துட்டுப் பார்த்துட்டு பையில போட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அம்மா புடவை மாத்தி விடச் சொல்லிச்சு. பச்சைப் புடவை, ஜாக்கெட்டு தொளதொளன்னு தொங்குச்சு, பின்னு குத்தி இழுத்து விட்டேன். நைனா என்ன பண்ணுவாருன்னு பயந்துகினு திரும்பிப் பார்த்தா, மனுஷன் ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டைய மாட்டிகினு நாற்காலியில குந்திகினு இருக்காரு. அம்மா பேசியிருக்கு. அவரு ஒத்துக்கினு இருக்காரு. தெருமுனையில பஸ் ஹாரன் கேக்கும்போதெல்லாம் அந்த ஆளு கதவப் பார்த்தாரு. உயிரோட இருக்க மாட்டேன்னு சொன்ன அதே மனுஷன். இப்பவாவது கூப்பிட்டிருக்கலாம். அரை மணி நேரம்தானே. கூப்பிட்டா, வியாழக்கிழமை சொன்னது பொய்னு தெரிஞ்சு போயிடும். அதனால கூப்பிடல.

மத்தியானம் மூணு மணி வரைக்கும் காத்திருந்தாங்க. அம்மாவுக்கு முடியல, மூச்சு வாங்குச்சு. நைனா சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டு, அவன் வர மாட்டான், வாசல்லயே துரத்தினவன் வீட்டுக்கு எதுக்கு வருவான், நீ எடுன்னாரு. அப்புறம் எங்களப் பார்த்து விரல விட்டு எண்ணினாரு. மூணு பேரு. அந்நேரத்துக்குத்தான் பால்கார அம்மா கேனோட வந்து நின்னாங்க. நைனா அவங்கள உள்ள வரச் சொன்னாரு. வேத்தாளு வேணாம்னு சொன்ன அம்மா ஒண்ணும் சொல்லல.

ஸ்டூல் மேல ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புஸ்தகத்த அடுக்கி, அதுக்கு மேல கேமராவ வச்சேன். திரும்பிப் பார்த்தா அம்மா கட்டில் நடுவுல இல்ல. கைய ஊன்றி ஊன்றி நகர்ந்து சுவர் ஓரத்துக்குப் போயிட்டிருக்கு. ஏம்மா அங்க போறேன்னேன்.

"வந்துட்டான்னா நடுவுல குந்தட்டும்"னு சொல்லிச்சு.

கேமரா பின்னாடி இருக்கிற சின்ன ஸ்கிரீன்ல பார்த்தேன். ஒன்பதடியும் விழுந்துச்சு. கட்டில் நடுவுல ஒரு ஆள் குந்துற அளவுக்கு வெறும் போர்வை. ஓரத்துல அம்மா. ஸ்டுடியோக்காரர் சொன்ன மாதிரியே லென்ஸு மூஞ்சிய இழுத்து, ஒட்டிப் போன கன்னத்த உப்ப வச்சிருந்துச்சு. நடுவுக்கு வாம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா சரியாயிடும். நடுவுக்கு வரச் சொன்னா அவன் வரலன்னு சொன்ன மாதிரி. நான் பட்டன அழுத்திட்டு ஓடிப் போயி கட்டில் காலாண்ட குந்தினேன். நைனா நாற்காலியில, அவரு பின்னாடி பால்கார அம்மா, கேன கீழ வைக்காம. அப்படியே விழுந்தோம்.

அம்மா அடுத்த வாரம் போயிடுச்சு. அன்னிக்குப் போன் பண்ணேன், கட் பண்ணல. அண்ணிதான் எடுத்தாங்க. அவன் நூல் விஷயமா சூரத்துக்குப் போயிருந்தான். ரயில் பிடிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. மூணாம் நாள் வந்து சேர்ந்தான். தலை பாதி நரைச்சிருந்துச்சு.

மாலை போட அம்மா தனியா இருக்கிற நல்ல போட்டோ எதுவும் இல்ல. ஸ்டுடியோக்காரரு அந்த ஞாயித்துக்கிழமை போட்டோலருந்து அம்மாவ மட்டும் வெட்டிப் பெருசு பண்ணிக் குடுத்திருந்தாரு. நடு ரூம்ல அந்தப் படத்துக்கு முன்னாடி விளக்கு எரிஞ்சிகினு இருந்துச்சு. அண்ணன் கீழ குந்தி ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் என்கிட்ட சொன்னான்.

"எலும்பும் தோலுமா ஆயிட்டாங்கன்னு வர்ற வழியில ஒருத்தரு சொன்னாரு, பயந்துட்டேன். நல்லா பூசினாப்லதானே இருந்திருக்கு. கடைசி வரைக்கும் இப்படியே இருந்துச்சா?"

"ஆங்"னேன். அவன் மனசு ஆறட்டும்னு சொன்னேனா, எனக்குப் பயந்து சொன்னேனா, இன்னிக்கும் தெரியல. அவன் மூச்ச விட்டுட்டு, கண்ணத் துடைச்சிகினு, முழுப் போட்டோவையும் காட்டுன்னு கேமராவக் கேட்டான். குடுத்தேன். உத்துப் பார்த்தான். நடுவுல இவ்ளோ எடம் இருக்கே, அம்மா ஏன் ஓரமாப் போயி குந்தியிருக்குன்னு கேட்டான்.

நைனா நாற்காலியிலருந்து சொன்னாரு, அவனப் பார்த்து இல்ல, சுவத்தப் பார்த்து. அது உனக்கு விட்டு வச்ச எடம், கூப்பிட்டப்போ வரத் தெரியல, இப்ப வந்து கேள்வி கேக்கிறியா.

"என்ன யாரு நைனா கூப்பிட்டாங்க?"ன்னான் அண்ணன்.

ரெண்டு பேரும் என்னப் பார்த்தாங்க. எத்தன பசங்கள இப்படி எழுப்பி நிக்க வச்சுக் கேள்வி கேட்டிருப்பேன். நான் கூப்பிடலன்னு சொன்னேன். கூப்பிட்டேன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேன், அது நம்பிகினு எடம் விட்டு வச்சுதுன்னு சொன்னேன். பூசினாப்லயும் இல்ல, அது லென்ஸு பண்ண வேலை, அம்மா கையில வளையலே நிக்கலன்னு அதையும் சொன்னேன். ஆரம்பிச்சா நிறுத்த முடியல.

அண்ணன் என்னத் திட்டுவான், அடிச்சாலும் அடிப்பான்னு நின்னேன். அவன் கேமராவ மூடி என் கையில குடுத்தான்.

"அரை மணி நேரம் பஸ்ஸு. நானே ஒரு நாள் வந்திருக்கலாம்"னான்.

நைனா எழுந்து வாசப்படி வரைக்கும் போனாரு, திரும்பி வந்தாரு. அவரு அழுது நான் அதுவரைக்கும் பார்த்ததில்ல. தோள்ல இருந்த துண்டால மூஞ்சிய மூடிகினு நின்னாரு. பெறகு துண்ட எடுத்துட்டு, அவ ஆசப்பட்டது, எடுன்னு என்கிட்ட சொல்லிட்டு, அண்ணன் பக்கம் திரும்பி கட்டிலக் காட்டி, குந்துன்னாரு. ஏழு வருஷத்துல அவனுக்கு நேரா அவரு சொன்ன நல்ல வார்த்தை அது ஒண்ணுதான்.

அவன் கட்டில் நடுவுல, அம்மா விட்டு வச்ச எடத்துல குந்தினான். நைனா நாற்காலியில குந்தினாரு. ஸ்டூலு, புஸ்தகம் எல்லாம் பழையபடி அடுக்கினேன். டைமரப் போட்டுட்டு நான் வந்து கட்டில் காலாண்ட நின்னேன். சுவர் ஓரம் மட்டும் காலியா இருந்துச்சு. சிவப்பு லைட்டு மினுக்கி மினுக்கி பத்து எண்ணுச்சு. மூணு பேரு, மூணு பேருன்னு சொல்லிக் கையாட்ட ஆளில்ல. கேமரா எடுத்துச்சு.